கொம்பேறி மூக்கனுக்கு ஒரு பெயர்

பாட்டிலைக் கேட்டு ரியாஸ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்தான். ராஜபாளையத்தில் என் வீட்டுக்குள் அவன் வருவது அதுவே முதல் முறை. ஆனால் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நேராக அந்தப் பக்கம்தான் பார்த்தான்.

பாட்டிலில், ஆல்கஹாலில் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது. கொம்பேறி மூக்கன் வகை. என் மனைவி யோகேஸ்வரி மலையடிவாரத்தில் பிடித்தது. அவளும் ரியாஸும் ஒரே கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி செய்தார்கள். செதில்களை மறுபடி எண்ண வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறகு டெங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

அவள் அம்மா மாரிக்கனி வரும்போதெல்லாம், "அதத் தூக்கி வீசுங்க மாப்ளே. கடிச்சுப்புட்டு, மரத்துல ஏறி நின்னு சுடுகாட்டுப் புகையப் பாக்குற சாதி அது" என்பார். அதற்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது. புகையைப் பார்த்தது ரியாஸ்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று என்னைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்கள். அவன் சுடுகாட்டுச் சுவரோரம் வேப்பமரத்தடியில் கடைசிவரை நின்றானாம். சித்தப்பா சொன்னார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"புது இனம்தாண்ணே, சந்தேகமே இல்ல," என்றான் ரியாஸ். "பேரினம் டென்ட்ரெலாஃபிஸ். இங்க இருக்குற மத்ததுக்குச் செதில் வரிசை பதினஞ்சு, இதுக்குப் பதிமூணு. டிஎன்ஏவும் ஒத்துப்போகல. கழுத்த உப்புனா செதிலுக்கு நடுவுல ஒரு நீலம் தெரியும். யோகாதான் அத மொதல்ல கவனிச்சா."

அவனுக்கு நான் அண்ணன். ஆனால் அவள் மதினி இல்லை, யோகா. அந்த நீலத்தையும் நான் பார்த்ததில்லை. பாட்டிலில் வந்தபோது வெளிறியிருந்தது.

"என்ன பேரு வைக்கப் போற?"

"அவ பேருதான்." போனைக் காட்டினான். டென்ட்ரெலாஃபிஸ் யோகேஸ்வரியே. அதை ஒட்டி, ரியாஸ்.

"பின்னாடி எதுக்கு உன் பேரு?"

"பேரு வைக்குறவங்க பேரு பக்கத்துல வரும்ணே. அதான் வழக்கம். எப்பவும் சேத்துத்தான் எழுதுவாங்க."

எப்பவும். கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?

"மலை பேர வை."

"வைக்கலாம். தன் பேரத் தானே வைக்கக் கூடாதுன்னுதான் அவள விட்டிருந்தேன். மலை பேருன்னா, பேரு வச்சவங்கன்னு அவளையும் போடணும். யோகேஸ்வரி, ரியாஸ்னு வரும்."

அப்போதும் பக்கத்தில்.

"அவ பேரு மட்டும் போடு. உன் பேரு வேண்டாம். சம்மதம்னா பாட்டில எடுத்துட்டுப் போ."

வேலைக்கு விண்ணப்பிக்க அவன் கையில் இருப்பது இந்தப் பாம்பைப் பற்றிய ஒரு கட்டுரைதான். அவளே சொல்லியிருக்கிறாள். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சரிண்ணே."

"என்ன சரி?"

"மலை பேர வச்சு, அவள மட்டும் போட்டுருதேன்."

யோசிக்கவே இல்லை. என் கண்முன்னே போனில் தன் பெயரை அழித்தான். முகம் மாறவில்லை. நான் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு ரிப்போர்ட்டில் என் பெயர் விட்டுப்போனால் மேனேஜர் வரைக்கும் போய் நிற்பவன். யோகேஸ்வரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"ரியாஸ். உன் பேரையும் போடு."

"பரவால்லண்ணே, இருக்கட்டும்."

"போடுலேங்கேன். பாம்புக்கு அவ பேரு, பின்னாடி உன் பேரு. வழக்கம் எப்படியோ அப்படி."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும். பெயர் இருந்தால் அவன் அவளோடு வேலை பார்த்தவன். அவளுக்காக அதையும் விட்டுக்கொடுத்தால் வேறு யாரோ. அந்த வேறு யாரோவை என்னால் தாங்க முடியாது.

பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் பைக்கை ஓட்டிப் போனான். மெயின் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே கூட்டிப்போக யாரும் வரவில்லை.