கண்ணையா வந்துகொண்டிருக்கிறான்

“அதத் தொடாத மாப்ள!”

அமிர்தராஜ் போட்ட சத்தத்தில் வடவள்ளியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பாதி ஏற்கெனவே அவர் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் வைத்த விரலை, பாம்புப் புற்றுக்குள் விட்டவனைப் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டான் டேவிட்சன்.

“கம்ப்யூட்டருதானுங்க மச்சான். நேத்துப் புடிச்சு ஓடிட்டே கெடக்குது.”

“ஓடட்டும்.”

“அக்கா அங்க படுத்திருக்குது. இங்க கேம் ஓடுதுன்னா வர்றவிங்க என்னங்க நெனப்பாங்க?”

“ஓட்டிவிட்டதே உங்கக்காதான். அவன் இன்னும் வந்து சேரல.”

“எவனுங்க?”

“கண்ணையா.”

டேவிட்சன் மச்சானை ஏற இறங்கப் பார்த்தான். எழுபதை எட்டப் போகிற மனிதர். நேற்று விடிகாலை பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மெதுவாக வெளியே போய், சார்ஜாவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்த அமிர்தராஜின் மகளிடம், “அம்மணி, உங்கப்பாவுக்கு ஒரு வாய் காப்பி குடு. என்னமோ சொல்றாரு, எனக்கு ஒண்ணும் புரியல” என்றான்.

கரோலினுக்குப் புரிந்தது. அந்த விளையாட்டை அம்மாவுக்கு ஏற்றிக் கொடுத்ததே அவள்தான்.

கிருபாவதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டிலிருந்த டப்பாக்களை எல்லாம் மூன்று தடவை கழுவிக் கவிழ்த்து முடித்திருந்த சமயம் அது. சதுரம் சதுரமாக மண், சதுரமாக மரம், சூரியன்கூடச் சதுரமாக இருக்கிற ஓர் உலகம். கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், மலையைக் குடையலாம். பொழுது போகட்டும் என்று மகள் கொடுத்தாள். அதற்குப் பிறகு கிருபாவதிக்குப் பொழுது போதவே இல்லை.

அந்த உலகத்துக்குள் ஒரு ரோபோவும் கிடைத்தது. பார்க்கத் தகரப் பெட்டி மாதிரி இருக்கும். கட்டளை எழுதிக் கொடுத்தால் அதன்படி நடக்கும். முன்னால் போ, இடப்பக்கம் திரும்பு, மண்ணை வெட்டு. சொன்னதைச் செய்யும், சொல்லாததைத் தலைகீழாக நின்றாலும் செய்யாது. முதல் நாள் ‘முன்னால் போய்க்கொண்டே இரு’ என்று எழுதியவள், எங்கே நிற்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டாள். அது குளத்துக்குள் இறங்கி, அந்தக் கரையில் ஏறி, அமிர்தராஜின் கணக்குப்படி பாலக்காட்டையும் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த ரோபோவுக்குத்தான் கண்ணையா என்று பெயர் வைத்தாள். எக்ஸ்சேஞ்சில் அவளோடு இருந்த லைன்மேன் பெயர். ஒயரைப் பிடித்துக்கொண்டு எத்தனை தூரம் போனாலும் சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிற ஆள்.

அமிர்தராஜ் பம்பு செட் கம்பெனியில் காலமெல்லாம் சேல்ஸ் பார்த்தவர். அஞ்சு எச்பி மோட்டாரைக் காட்டி, ஆழியாறு அணையை மத்தியானத்துக்குள் வற்றடித்துவிடும் என்று சத்தியம் செய்து விற்றவர். அவர் கையில் இப்படி ஒரு சமாச்சாரம் கிடைத்தால் விடுவாரா? காலை நடைக்கு வருகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வார்: “எங்கூட்டம்மா ஒரு மிசின் செஞ்சிருக்குதுங்க. தானா வழி கண்டுபுடிச்சுப் போயிட்டுத் தானா வருது. நெலாவுக்கு அனுப்பறக்குக் கேட்டாங்க. இவ குடுக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டா.”

சாயங்காலமானால் அந்தச் சின்ன அறையில் இரண்டு நாற்காலி. அவள் எழுதுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டு யோசனை சொல்வார். அவர் சொன்னதில் ஒன்றாவது தேறியது என்று கிருபாவதி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

“ஏனுங்க, முன்னால மாடு கீடு நின்னா இவன என்ன பண்ணச் சொல்றது?”

“இடிச்சுத் தள்ளீட்டுப் போகச் சொல்லு.”

“இதென்னுங்க பேச்சு? எங்கூர்ல தோட்டத்துக்குள்ள ஆனை வந்துச்சுன்னா இடிச்சுத் தள்ளீட்டா போறோம்? அது போற வரைக்கும் நின்னுபோட்டு அப்பறந்தான போவோம்?”

தொண்டாமுத்தூர்க்காரி. ‘முன்னால் ஓர் உயிர் இருந்தால், அது நகரும்வரை நில்’ என்று எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அந்த உலகத்துக் கோழிக்குஞ்சுக்குக்கூடக் கண்ணையா நின்று வழிவிட்டான்.

முந்தாநாள் சாயங்காலம், மலைக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறதா என்று பார்த்துவர அவனை மேற்கே அனுப்பினாள். வீட்டு வாசலிலிருந்து எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியையும், திரும்புகிற ஒவ்வொரு திருப்பத்தையும் அவன் ஞாபகத்தில் வைத்துக்கொள்வான். வரும்போது அதையே தலைகீழாக நடந்து வீட்டுக்கு வருவான். ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தை அணைத்தால் அந்த ஞாபகம் போய்விடும். அப்புறம் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கே தெரியாது.

“அணைச்சுப் போடாதீங்க. காலைல வந்துருவான்” என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

காலையில் அவன் வரவில்லை. வழியில் எத்தனை மாடோ. பால் பொங்கி அடுப்பு அணைந்த நாற்றம் வந்த பிறகுதான் அமிர்தராஜ் சமையல்கட்டுக்குப் போனார். அவள் அடுப்படியில் கிடந்தாள்.

அவன் வீடு வந்து சேர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறவள் இனி எதுவும் சொல்லப் போவதில்லை. அவள் சொன்னதில் இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருப்பது அது ஒன்று.

கரோலின் காப்பியோடு வந்தாள். திரையில் கண்ணையாவின் முதுகு தெரிந்தது. ஒரு புல்வெளியில் போய்க்கொண்டிருந்தான். மூலையில் ‘மீதி’ என்று எழுதி, குறைந்துகொண்டே வருகிற ஓர் எண்.

“திரும்பீட்டானுங்களாப்பா?”

“ராத்திரியே திரும்பீட்டான் கண்ணு. இன்னும் எவ்வளவு நேரமாகும்?”

அவள் எண்ணைப் பார்த்தாள். “ஒரு மணி நேரம். குறுக்க எதுவும் வராம இருந்தா.”

அப்போதுதான் வாசலில் இருந்து பாலுசாமி எட்டிப் பார்த்தான். ஐஸ் பெட்டியும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுகிறவன்.

“ஏனுங்க சார், இன்னைக்கு உங்க ஏரியா ஷட்டவுனுங்க. ஒம்போதுக்குக் கரண்டப் புடுங்கினா சாயங்காலந்தான் குடுப்பான். நீங்க ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க, பெட்டிக்கு ஜெனரேட்டர் கொண்டாந்துட்டேன்.”

“கம்ப்யூட்டருக்கு?”

பாலுசாமி எத்தனையோ துக்க வீடுகளைப் பார்த்தவன். ஆர்ஓ தண்ணி கேட்டிருக்கிறார்கள், ஏர்கூலர் கேட்டிருக்கிறார்கள். இது புதுசு. “இது சின்ன மிசினுங்க சார். பெட்டில கம்ப்ரசர் எடுக்கறப்பவே இதுக்கு மூச்சு வாங்கும். ரெண்டையும் மாட்டுனா கம்ப்யூட்டர் பொட்டுனு போயிருமுங்க.”

“பெருசு இல்லியா?”

“கல்யாணத்துக்குப் போயிருச்சுங்க. மூர்த்த நாளு பாருங்க.”

சொல்லி வைத்தாற்போல ஒன்பதுக்கு மின்விசிறி நின்றது. ஹாலில் எல்லோரும் சேர்ந்து விட்ட பெருமூச்சில் இன்னொரு விசிறி சுற்றியிருக்கும். வெளியே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. அறைக்குள் யூபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது.

மீதி எண் நின்றுபோயிருந்தது.

“என்ன கண்ணு ஆச்சு?”

“மாடுங்கப்பா.”

கண்ணையாவுக்கு நேர் முன்னால், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுர மாடு. காங்கேயம் காளையாக இருந்தால்கூட நின்று வழிவிட்டதில் ஒரு கௌரவம் இருக்கும். இது புல்லையும் தின்னாமல் போகவும் செய்யாமல், சர்க்கார் ஆபீசில் மனு வாங்குகிற ஆள் மாதிரி நின்றது.

“இடிச்சுட்டுப் போடான்னு ஒரு வரி மாத்தி எழுத முடியாதா அம்மணி?”

“எழுதோணும்னா அவன நிறுத்தோணுங்கப்பா. நிறுத்துனா மறந்துருவான்.” அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அம்மா எழுதுனது எழுதுனதுதான்.”

யூபிஎஸ்ஸின் கீச்சு வேகமானது; பேட்டரி தீரப் போகிறது. அமிர்தராஜ் எழுந்து ஹாலுக்குப் போனார். கரோலினும் பின்னாலேயே போனாள்.

“பாலுசாமி, பெட்டி பிளக்கப் புடுங்கிப்போட்டு ரூமுக்கு ஒரு ஒயர் இழு.”

பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சர்ச் சபையார் பாதி வரியில் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பேரூரில் ஊசி விழுந்திருந்தால் இங்கே கேட்டிருக்கும்.

“மச்சான்!” டேவிட்சன் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். “என்னுங்க பண்றீங்க? பாஸ்டர் பதினோரு மணிக்கு வர்றாரு. அதுவரைக்கும் அக்காவ...” அறைப் பக்கம் கையை நீட்டினான். “ஒரு கேமுக்குங்களா?”

அமிர்தராஜ் இந்த வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் பதிலைச் சுருக்கிச் சொன்னதில்லை. ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லித்தான் பழக்கம். இப்போது பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்து, அவள் முகம் பாதிதான் தெரிந்தது.

“உங்கக்காவுக்குக் குளுரு ஆகாது மாப்ள” என்றார். “சித்திரையிலயே காதுக்குத் துணி கட்டிட்டுப் படுக்கறவ. நேத்துப் புடிச்சு ஐஸுல போட்டு வெச்சிருக்கறோம். கொஞ்ச நேரம் குளுரில்லாம இருக்கட்டுமே.”

அமிர்தராஜ் பாலுசாமி பக்கம் திரும்பினார்.

“ஏதாச்சும் ஆயிருமா பாலுசாமி?”

“அரை மணி, முக்கா மணிக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார்” என்ற பாலுசாமி, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் மூன்று பேரையும் பார்த்தான்.

“கம்ப்யூட்டருக்கே மாட்டுங்கண்ணா” என்றாள் கரோலின்.

ஒயர் ஹாலின் குறுக்கே வந்தது. சபையார் பாட்டுப் புத்தகத்தோடு காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்கள். ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. நேற்றிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது; நின்ற பிறகுதான் வீடு எத்தனை பெரியது என்று அமிர்தராஜுக்குத் தெரிந்தது.

அறையில் கீச்சும் அடங்கியிருந்தது. திரை இருந்தது. மாடும் இருந்தது.

“போ சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பக்கம் எத்தன புல்லு கெடக்குது பாரு” என்று அமிர்தராஜ் மாட்டிடம் கெஞ்சினார். அது கேட்கவில்லை. கிணறு வற்றிய குடியானவனிடமே மோட்டார் விற்ற வாய் அது. ஒரு மாட்டை நகர்த்த முடியவில்லை.

டேவிட்சன் உள்ளே வந்தான். சண்டை போடத்தான் வந்தான். திரையைப் பார்த்தவன் வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

“இது எதுக்குங்க நிக்குது?”

“மாடு நகர்றதுக்கு.”

“இடிச்சுட்டுப் போகாதுங்களா?”

“ஆனைக்கு நிக்கற மாதிரி நிக்கச் சொல்லி எழுதி வெச்சிருக்கறா.”

டேவிட்சன் வாசல்படியிலிருந்து திரைக்குக் கிட்ட வந்தான். பிறகு, “எங்கப்பா அப்படித்தான் நிப்பாருங்க” என்றான். “டார்ச்ச அணைச்சுப்போட்டு, எங்க ரெண்டு பேரு கையையும் புடிச்சுக்கிட்டு. அக்காதான் மொதல்ல சொல்லும், ‘போயிருச்சுங்கப்பா’ன்னு. இருட்டுல அதுக்கு எப்படித்தான் தெரியுமோ.”

காலியாக இருந்த நாற்காலியை அமிர்தராஜ் அவன் பக்கம் தள்ளினார். அவன் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஒரு சதுர மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் பாட்டு மறுபடியும் தொடங்கி, முடிந்து, இன்னொன்று தொடங்கியது.

மாடு தலையைத் திருப்பியது. ஓரடி வைத்தது. இன்னொரு அடி.

“போயிருச்சுங்க” என்றான் டேவிட்சன், கிசுகிசுப்பாக.

கண்ணையா கிளம்பினான். புல்வெளி முடிந்து ஒரு சரிவு. சரிவில் படிகள், அவள் வெட்டியவை. ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். அதுவும் அவள் போட்டதுதான். இரண்டு பக்கமும் விளக்கு வைத்த பாதை. பாதை முடிகிற இடத்தில் மஞ்சள் பூச்செடிகளுக்கு நடுவில் வீடு. எண் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போனது. கண்ணையா வாசலில் நின்றான். ஒரு தடவை திரும்பி, பக்கத்தில் இருந்த மரப்பெட்டிக்குள் தான் கொண்டுவந்ததைக் கொட்டினான்.

“என்னுங்க அது?”

அமிர்தராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மணலு. கடல் இருந்திருக்குது மாப்ள.”

எழுந்தார். வாய் தானாகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “கிருபா, வந்து...” என்பதுவரை போய்விட்டது. டேவிட்சன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

சரி, அங்கே போய்ச் சொல்வோம் என்று அமிர்தராஜ் ஹாலுக்கு நடந்தார்.

பெட்டியின் மூடி திறந்திருந்தது. விமான நிலையத்திலிருந்து வந்ததும் கண்ணாடிக்கு மேலாகத்தான் கரோலின் அம்மாவைப் பார்த்திருந்தாள். இப்போது தரையில் மண்டி போட்டு, அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சபையார் பாடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

“சார், ஆச்சுங்களா?” பெட்டி ஒயரின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாலுசாமி பக்கத்தில் வந்தான். “மாட்டீரலாங்களா?”

அமிர்தராஜ் பெட்டியின் அந்தப் பக்கம் சுற்றிப் போய் உட்கார்ந்து, இடது கையை எடுத்துக்கொண்டார்.

பாலுசாமி பிளக்கோடு சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.