ஐந்து மதிப்பெண் கல்

பெண்கள் விடுதியின் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதிக் காப்பாளர் அவளைவிட மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான். அவளிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் இருந்தது. தொங்குகிற எதுவும் ஆட்டம் ஓய்ந்து நிற்பதை அவளால் பார்க்க முடியாது. ஆணியில் மாட்டிய சாவிக்கொத்து, கொக்கியில் கிடக்கும் துணிப்பை, கம்பியில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள், எது நிற்கப் போனாலும் இடது கை தானாக நீண்டு ஒரு தட்டுத் தட்டிவிடும். வலது கை பாட்டுக்கு இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருக்கும். "அக்கா, உங்க கைக்கு லீவே கிடையாதா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் மடிக்கிற மேசைமேல் ஏறி உட்கார்ந்து, கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாடமாக வைத்திருந்த நாவல், பிழைப்புக்காகப் பண்ணை பண்ணையாக லாரியில் போகும் குடும்பங்களைப் பற்றியது. எழுதியவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. இது விடுதியில் யாருக்கும் தெரியாது. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. நாவலையும் அவள் முழுசாகப் படித்ததில்லை. அந்தப் பிழைப்பை ஒரு தடவை பிழைத்ததே போதும் என்பது அவள் கட்சி.

"தொட்டிலில் வைக்கப்பட்ட கல் எதன் குறியீடு? அஞ்சு மார்க்."

"இறுகிப்போன தாய்மை. உழைப்பவர் மேல் ஏற்றப்பட்ட சுமை. அப்புறம், கல்லாகிப்போன சமூகம்."

"மூணுதான் ஆச்சு. இன்னும் ரெண்டு பாயின்ட் வேணும்டி."

அக்கா நிமிர்ந்தாள். "என்ன தொட்டில்?"

"கதைல வர்றதுக்கா. உருளைக்கிழங்கு தோண்டுற காட்டோரமா ஒரு மரம். மஞ்சள் போர்வையைத் தொட்டிலாக் கட்டியிருப்பாங்க. போர்வை ஓரத்துல தீஞ்சுபோன ஓட்டை ஒண்ணு இருக்கும். பிள்ளை செத்துடும். அம்மாக்காரி ஒரு கல்லை உள்ள போட்டு ஆட்டுவா. அப்புறம் அதை மடியில எடுத்து வச்சுப் பால் குடுப்பா. படிக்கவே என்னமோ மாதிரி இருக்கும்."

"அக்கா, என் சட்டை!" என்று இன்னொருத்தி அலறினாள்.

வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையால் கருகிய முதல் துணி அது.

கைடு எழுதிய புண்ணியவானுக்கு என்ன தெரியும்? ஐந்து பாயின்ட் கேட்டால் ஐந்து எழுதுவார், பத்துக் கேட்டால் பத்து. அந்தக் கல் எதற்கும் குறியீடு இல்லை. தொட்டில் காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காக வைத்த கல். அதை வைத்தது தாய் இல்லை. ஆறோ ஏழோ வயதில் இவள் வைத்தாள்.

அம்மாவும் அப்பாவும் கிழங்குக் காட்டில். தொட்டில் கயிறு இவள் கையில். உள்ளே கைக்குழந்தையாக முதல் தம்பி. ஆட்டிக்கொண்டே இரு, நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு அம்மா போனாள். கால்வாய்க் கரையில் நாய் குட்டி போட்டிருந்தது. சிறுமி கயிற்றை விட்டுவிட்டுப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது தொட்டில் அசையாமல் நின்றது. உள்ளே குழந்தையும் அசையவில்லை. தட்டினாள், கூப்பிட்டாள், கிள்ளிக்கூடப் பார்த்தாள். நிழலில் கிடத்தினால் முழித்துக்கொள்வான் என்று நினைத்து, மரத்துக்குப் பின்னால் ஈரச் சாக்கின்மேல் படுக்க வைத்தாள். கிழங்கோடு வரும் கற்களைப் பொறுக்கி வரப்பில் போட்டிருப்பார்கள். அதில் கனமாக ஒன்றைத் தூக்கி வந்து தொட்டிலில் போட்டு ஆட்டத் தொடங்கினாள். மத்தியானம் அம்மா வந்தாள். தொட்டிலின் அடியில் கை வைத்தாள். "தூங்குறானா?" என்றாள். சிறுமி தலையாட்டினாள். அம்மா போய்விட்டாள். அப்புறம் சிறுமி கல்லை எடுத்து மரத்தடியில் போட்டுவிட்டுக் குழந்தையை மறுபடி தொட்டிலில் வைத்தாள். சாயங்காலம் அம்மா போட்ட கூச்சலில் காடே திரும்பிப் பார்த்தது.

கல் விஷயம் அவளோடு சரி. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆட்டம் நின்றால் யாருக்கோ மூச்சு நின்றுவிடும் என்பது மட்டும் அவள் கையில் தங்கிவிட்டது.

அப்படியிருக்க, அடுத்த வருஷம் பிறந்து, நாவல் எழுதிய இந்தத் தம்பிக்குக் கல் எப்படித் தெரிந்தது?

அவள் வீடு மாடியில் ஓர் அறை, ஒரு துண்டுச் சமையலறை. அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். அம்மா அவளோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு எழுத்து எப்போதும் தெரியாது. இப்போது கண்ணும் மங்கிவிட்டது. மகன் எழுதியதை மகன் வாயால் கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதால், தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுவான். நாவல் பாடமான பிறகு அவனுக்கு ஒரு மேடைக் குரல் வந்திருந்தது. அம்மாவிடம்கூட 'அன்பர்களே' என்று தொடங்கிவிடுவானோ என்று அக்காவுக்குப் பயமாக இருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட், மரத்தடி அத்தியாயத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. வருகிற ஞாயிறு அதுதான். தொட்டில், தீய்ந்த ஓட்டை, கல், எல்லாம் கண்ணெதிரே அச்சில் கிடந்தன. அம்மா இதைக் கேட்டால் ஒரு நொடியில் விளங்கிவிடும். அன்று மத்தியானம் தன் கைக்கு அகப்பட்டது என்னவென்று தெரிந்துவிடும். பெற்ற மகளே தன்னை ஏமாற்றியதும் தெரிந்துவிடும். கண் மூடுகிற வயதில் அம்மா இதையா தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்ததும் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னைக்கு மரத்தடி வர்றதைப் படிக்காத. அடுத்ததுக்குப் போயிடு."

"ஏன்க்கா? அதானே நாவலுக்கே உயிர்! கூட்டத்துக்குக் கூட்டம் அதைப் பத்தித்தான் கேக்குறாங்க."

"அதை உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலையே. அது முழுக்கக் கற்பனை. பேனாவை எடுத்தேன், வந்துச்சு."

"மஞ்சள் போர்வையுமா? ஓட்டையுமா?" என்றாள். "அதெல்லாம் நெசம்டா. அந்தக் கல்லு நெசம். நீ அப்ப பொறக்கவே இல்ல."

தம்பி சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"கண்ணை மூடினா தெரிஞ்சுச்சுக்கா," என்றான் மெல்ல. "மரத்தடி, வெயில், எல்லாம் உள்ள படுத்துப் பாக்குற மாதிரி தெரிஞ்சுச்சு."

அக்காவுக்குப் பழசு ஞாபகம் வந்தது. இவன் பிறந்தபோது பண்ணைக் கூடாரத்துப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்து, போனவனே திரும்பி வந்துட்டான், அதே நெற்றி, அதே காது என்றார்கள். பெரியவர்களுக்கு அது ஆறுதல். அவளுக்கு அன்று பிடித்த பயம் இன்றைக்கும் முழுசாக விடவில்லை. அதே மஞ்சள் போர்வையில் இவனைப் போட்டபோது, யாராவது வந்து கயிற்றைப் பிடுங்கும்வரை கை மரத்துப்போக ஆட்டினாள். உள்ளேயிருந்து இவன் அழாமல், பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். நீதானே விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். கேட்கவில்லை. வளர்ந்தான், படித்தான், கண்ணாடி போட்டான். கடைசியில் ஊருக்கெல்லாம் பாடமாக வைத்துக் கேட்டேவிட்டான்.

"நான் விட்டுடுறேன்க்கா. படிக்கல," என்றான்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்கா எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பை தொங்கியது. தம்பி பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளி, படிக்கத் தொடங்கினான். மேடைக் குரல் எங்கேயோ போயிருந்தது. லாரி வேறு பண்ணைக்குக் கிளம்புகிறது. பாத்திரங்களை ஏற்றுகிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கையை உயர்த்தினாள்.

"நடுவுல விட்டுட்டியே."

"இல்லையேம்மா."

"விட்டுட்ட. இவங்க லாரி ஏறுறதுக்கு முன்னாடி மரத்தடி வரணும். தொட்டில் எங்கடா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள், நான் சொல்லவில்லை என்று.

"தொட்டில் வருதுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்றான்.

"எனக்கு யாரு சொல்லணும்? உனக்குச் சொன்னதே நான்தானே. தொட்டில்ல கிடக்கும்போது சொன்னேன். பேச்சு வராத பிள்ளை, வெளிய போகாதுன்னு தினமும் உன்கிட்டதான் சொல்லுவேன். உனக்குப் பேச்சு வந்ததும் நிறுத்திட்டேன்."

கற்பனை, கற்பனை என்று மேடை மேடையாகச் சொன்னவன் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு சின்னப் பையனாக உட்கார்ந்திருந்தான். அம்மா மங்கிய கண்ணை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"பெரியவளே, இங்க வா."

அக்கா எழுந்து போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அம்மா தடவிப் பார்த்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மத்தியானம் தொட்டிலுக்கு அடியில கை வச்சேன்ல? பிள்ளை உடம்பு கைக்குக் குழையும்டி. அது குழையல. கல்லுன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. நான் உள்ள பாக்கல. உன்னைத்தான் பார்த்தேன். உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஆட்டிக்கிட்டே நிக்கிற. நான் துணியை விலக்கினா பழி அப்படியே உன் தலையில விழும். தூங்குறானான்னு கேட்டேன். தலையாட்டின. சரின்னு போயிட்டேன்."

"நான் விட்டுட்டுப் போயிட்டேன்மா." அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. "நாய்க்குட்டி பாக்கப் போயிட்டேன். ஆட்டாம விட்டுட்டேன். அதான் அவன்..."

"ஆட்டாததால போகலடி!" அம்மா அதட்டினாள். அந்த வயதில் அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ. "விடியறப்பவே அவன் பால் குடிக்கல. கண்ணு செருகிடுச்சு. எனக்குத் தெரியும். வேலைக்கு வராதவங்களுக்கு லாரியில இடமில்லன்னு மேஸ்திரி கத்துறான். தெரிஞ்சேதான் அவனைத் தொட்டில்ல போட்டேன். என் மடியில போறதைப் பாக்கத் தெம்பில்லாம, கயித்தை உன் கையில குடுத்துட்டுப் போனேன். நீ பச்சைப் பிள்ளை. இத்தனை வருஷமா உன்கிட்ட சொல்ல முடியாமப் போனது அதுதான்."

அக்காவுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுது பழகியவள், அன்று வாய்விட்டு அழுதாள். அம்மா தடுக்கவில்லை.

"அப்ப கல்லுக்குப் பால்..." என்று தம்பி இழுத்தான்.

"பால் நிக்கலையே, என்ன பண்றது? மறுநாள்லேர்ந்து இவளைக் கிழங்கு பொறுக்க அனுப்பிட்டேன். கல்லு வேரோரமா கிடந்துச்சு. அந்தப் பண்ணையை விட்டுக் கிளம்புற வரைக்கும் மத்தியானம் ஆனா போய் மடியில எடுத்து வச்சுக்குவேன். பிள்ளையைப் பறிகுடுத்தவன்னு நெனச்சு மேஸ்திரியும் ஒண்ணும் சொல்லல." அம்மா தலையணையில் சாய்ந்தாள். "விட்ட இடத்துலேர்ந்து படிப்பா. போனவனைப் பத்தி வர்றது அது ஒண்ணுதானே."

தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கங்களைப் பின்னால் புரட்டி, மரத்தடியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வரும் வரிகளை உதட்டால் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் காற்றில் கதவுக்குப் பின்னாலிருந்த பை ஆடிக்கொண்டிருந்தது. காற்று விழுந்ததும் ஆட்டம் குறைந்தது. அக்காவின் இடது கை துடித்தது. இழுத்தாள். அம்மா விடவில்லை.

"நிக்கட்டும் விடு."

பை இன்னும் இரண்டொரு தடவை அசைந்து நின்றது. அக்கா அம்மாவின் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி படித்துக்கொண்டிருந்தான்.