இரண்டாவது பதில்

தண்ணீர்க் கட்டணம் ஏறிய அதே வாரத்தில்தான், காதுக்காரியின் தம்பி மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுடைய பதில் வீட்டில் கேட்கத் தொடங்கியது. கட்டணத்தைப் பற்றித் தெருவே பேசியது. பதில் முந்துவதைப் பற்றி யாரும் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்று காதுக்காரி கேட்டால் "ஆச்சு அண்ணி, இப்பதான்" என்று சமையலறையிலிருந்து பளிச்சென்று ஒரு குரல் வரும். குரல் அவளுடையதுதான், அங்கே நிற்பவளும் அவள்தான். ஆனால் அவள் உதடு அப்போதுதான் மெல்லப் பிரியும், கண் ஒரு சொல்லைத் தேடி மேலே போகும், அதைக் கண்டுபிடித்து அவள் வெளியே கொண்டுவருவதற்குள் கேட்டவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். வேறு மொழி பேசும் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்து ஒரு வருஷத்தில் இவ்வளவு சரளமா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். பெண்டாட்டியின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தான்.

காதுக்காரிக்கு மட்டும் அந்தக் குரலை முன்பே தெரியும். சொல்லப்போனால், அது வீடு வரைக்கும் வந்ததற்கு அவளும் ஒரு காரணம். மொழி ஆய்வு நிலையத்தில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் ஏற்றுவது அவள் வேலை. அதனால்தான் அலுவலகத்தில் அந்தப் பட்டப்பெயர். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய சின்ன அறையில், பிறந்ததிலிருந்து இந்த மொழியைப் பேசுகிற ஒருவரையும் புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மனம் போனபடி பேசச் சொல்வார்கள். காதுக்காரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இருமல், செருமல், 'ம்', 'அது வந்து', 'என்ன சொல்றது' என்று ஒன்று விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். ஆய்வாளருக்குப் பேச்சை விடப் பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளியில்தான் உயிர். இந்த மொழியிலேயே வளர்ந்தவர்கள் எதிராளி முடிப்பதற்குள் பதிலை ஆரம்பித்துவிடுகிறார்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கோ கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு குழி விழுகிறது. பழகப் பழக அந்தக் குழி எப்படித் தூர்ந்துபோகிறது என்பதுதான் ஆராய்ச்சி. குழி என்றிருந்தால் அதில் ஏதாவது குடியேறத்தானே செய்யும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

முதலில் அது வந்தது ஒரு தையல்காரரும் சலவை நிலையத்தில் துணி மடிக்கிற ஒரு பெண்ணும் பேசிக்கொண்ட பதிவில். "ஊர் ஞாபகம் வருதாம்மா?" என்று தையல்காரர் கேட்டார். அந்தப் பெண் மூச்சை இழுத்துச் சொல்லைத் தேடுகிற இடத்தில், அவள் குரலிலேயே, தட்டுத்தடங்கல் இல்லாமல், "சேச்சே, இதுதாங்க இப்ப என் ஊரு" என்று கேட்டது. தையல்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் தன் மகளின் கல்யாணக் கதையை எடுத்துக்கொண்டார். அந்தக் கதைக்கு அடியில் அமுங்கி, வெகுநேரம் கழித்து, "தினம்... தினம் வருது" என்று உண்மையான பதில் வந்து சேர்ந்தது. காதுக்காரி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். இரண்டும் ஒரே தொண்டைதான். ஆய்வாளர் வந்து கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "மெஷின் கோளாறா இருக்கும்மா" என்றார். ஆனால் பேசியவர் யார் என்று குறிக்காத வாக்கியம் ஒன்று இருந்தாலும் கணினி அந்தக் கோப்பை மூட விடாது. "யாரு குரல் மாதிரி இருக்கோ அவங்க கணக்குலயே போட்டுடுங்க. வேலை நிக்கக் கூடாது பாருங்க." காதுக்காரி அப்படியே போட்டாள். அடியில் அமுங்கிய பதிலுக்கு, அங்கே வழக்கமாகப் போடுகிறபடி, 'தெளிவில்லை' என்று போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த பதிவுகளில் எல்லாம் அது இருந்தது. அலுவலகத்தில் அதற்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். யார் கேட்டாலும், கேட்டவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லியது. கற்றுக்கொள்கிறவர்களின் குழி தூர்ந்து மட்டமாகிவிட்டது என்று ஆய்வு முடிவு வந்தது. ஆய்வாளர் அதைச் சொல்ல நாடு நாடாக விமானம் ஏறினார். காகிதத்தில் யாருக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், அது அவரவர் பின்னாலேயே நிலையத்தை விட்டு வெளியே போனது, பேருந்து ஏறியது, வாசற்படி தாண்டியது. சலவைப் பெண்ணிடம் ஒருவன் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டான். சம்மதம் என்று அது சொன்னது. அவள் 'வேண்டாம்' என்ற சொல்லைத் தேடி எடுத்தபோது மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்த ஒருவனிடம் மேலே ஏற முடியுமா என்று மேஸ்திரி கேட்டார். முடியும் என்று அது சொன்னது. அவன் விழுந்த இடத்தைக் கழுவிவிட்டு மறுநாள் வேலை நடந்தது. அந்த வருஷம் தக்காளி விலை இறங்கவே இல்லை.

தம்பி மனைவியைப் பதிவுக்கு அழைத்துப் போனது காதுக்காரிதான். நாலு பேரோடு பேசினால் கூச்சம் போகும் என்று நினைத்தாள். அவளோடு குரலும் வீட்டுக்கு வந்தபோது காதுக்காரி திடுக்கிட்டாள், பிறகு பழகிவிட்டாள். பிடித்தும் போனது என்றுதான் சொல்ல வேண்டும். பகலெல்லாம் யாரோ திக்கித் திணறுவதைக் காது வலிக்கக் கேட்டவளுக்கு, வீட்டுக்கு வந்தால் டக்கென்று பதில் கிடைப்பது சுகமாக இருந்தது. "அலுப்பா இருக்கா?" "அதெல்லாம் இல்ல அண்ணி." "இந்தப் புடவை பிடிச்சிருக்கா?" "ரொம்ப!" அந்த வீட்டில் ஒரு சண்டை கிடையாது, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. தம்பி மனைவி நாளுக்கு நாள் மெலிந்தாள். கேட்டால், நன்றாக இருப்பதாகப் பதில் வந்தது. பிறகு கருவுற்றாள், வயிறு மட்டும் வளர்ந்தது.

மாதம் நிறைந்துவரும் சமயத்தில், ஒரு நாள் காலை, காதுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டே "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "உதைச்சுத் தள்ளுது அண்ணி!" என்று பதில் வந்தது. தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காதுக்காரி அதைப் பார்த்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

அன்று தம்பி மனைவிக்கு ஸ்பாஞ்சு அறையில் பேசும் முறை. எதிரே ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். மதியம் அந்தப் பதிவு காதுக்காரியின் மேசைக்கு வந்தது. கண்டக்டரும் குழந்தையைப் பற்றித்தான் கேட்டிருந்தார். "ராத்திரி முழுக்க ஆட்டம்தாங்க" என்றது முந்திரிக்கொட்டை. கண்டக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பேரன் பேருந்துக்குள்ளேயே பிறந்த கதையை ஆரம்பித்தார். 'தெளிவில்லை' என்று போடக் காதுக்காரியின் விரல் தானாக நகர்ந்தது. என்னவோ அன்றைக்கு விரல் நின்றது. கண்டக்டரின் சத்தத்தைக் குறைத்து, அடியில் கிடந்ததைத் தூக்கிக் கேட்டாள். "நேத்துலேர்ந்து... உள்ள... அசையல." கொஞ்சம் விட்டு, அழுகையே இல்லாத குரலில், "அண்ணி... கிட்ட... சொல்றேன். அண்ணி... நிக்கல."

ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க, காதுக்காரி வயரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் தம்பி மனைவியோடு உள்ளே ஒரு பெண் இருக்கலாம் என்றார்கள். காதுக்காரி இருந்தாள். வலி எப்படி என்று டாக்டரம்மா கேட்டபோதெல்லாம் "தாங்கிக்கலாம் டாக்டர்" என்று குரல் முந்தியது. காதுக்காரி ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அது அவ இல்ல. கொஞ்சம் பொறுங்க, அவ சொல்லுவா." பொறுத்தார்கள். அவள் சொன்னாள், மெதுவாக, சொல் சொல்லாக. குழந்தை வெளியே வந்தது. வந்தவுடன் அறை அதிர அழுகை கேட்டது. அப்படியொரு அழகான அழுகையை அந்த அறை கேட்டதில்லை. நர்ஸ் சிரித்தாள், டாக்டரம்மா கையுறையைக் கழற்றப் போனாள்.

பெற்றவள் தலையைத் தூக்கினாள். அவள் வாய் திறந்தது, கண் மேலே போனது. "யாரும் பேசாதீங்க!" என்று காதுக்காரி கத்தினாள். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இடைவெளியை அவள் கேட்டதில்லை. தான் தெளிவில்லை என்று போட்டுத் தள்ளிய அத்தனை பேரும் அந்த இடைவெளியில் வரிசையாக நிற்பது போலிருந்தது.

"அது... இல்ல," என்றாள் பெற்றவள். "என் பொண்ணு... இன்னும்... அழல."

திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை நீலமாகக் கிடந்தது, வாய் மூடியிருந்தது. அந்த அழகான அழுகை மட்டும் தொட்டிலுக்கு மேலே தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் டாக்டரம்மா வேலை செய்தாள். கடைசியில், பூனைக்குட்டி கதவைப் பிறாண்டுவது போல, விட்டு விட்டு, குழந்தை அழுதது.

ஆண்டுகள் போயின. குரல் போகவில்லை; ஊர் அதற்குப் பழகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் முதல் பதிலோடு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள், வேலையும் சீக்கிரம் நடந்தது. காதுக்காரி வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் வந்தது: கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் உட்கார்ந்திருப்பார்கள். காப்பி வேண்டுமா என்பதற்குக்கூட உட்கார்ந்திருப்பார்கள். தம்பி மனைவி அந்த வீட்டில் சண்டை போட ஆரம்பித்தாள். ஒரு சண்டை முடிய அரை நாள் ஆகும். தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்பான். அந்த வீட்டுக்குப் போனால் பொழுது விடிந்து பொழுது போய்விடும் என்று விருந்தாளிகள் குறைப்பட்டார்கள்.

தம்பியின் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், நெடுநாள் இருமலுக்கு டாக்டரிடம் போன காதுக்காரி சாயங்காலம் திரும்பி வந்தாள். விளையாடப் போக வாசற்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"அத்தை, டாக்டர் என்ன சொன்னாரு? உனக்கு நல்லாயிடுமா?"

காதுக்காரி பிறந்தது முதல் இந்த மொழிதான் பேசுகிறாள். ஒரு சொல்லுக்காக நின்றது கிடையாது. இப்போது நின்றாள்.

"ஆயிடும்டா கண்ணு, ஒண்ணுமே இல்லயாம்!" என்று அவள் குரல் கேட்டது. கனிவான குரல், ஒரு இடறல் இல்லை. அவள் வாய் மூடியே இருந்தது.

தெருவில் மற்ற பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெண் எழுந்து போகவில்லை. மாட்டிய ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அத்தை உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, வீட்டு வழக்கப்படி காத்திருந்தாள்.