பதில் சொல்லும் கிட்டார்

என் மச்சானோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. மனைவியின் அண்ணன், மோட்டார் பைக் மெக்கானிக். வெயில் அடிக்கிறது என்று சொன்னால்கூட "யார் சொன்னா?" என்பார்.

என் சலூனுக்கு விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னறையில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். நான், மச்சான், எதிர்வரிசையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரை மருந்துக்கடை என்றுதான் கூப்பிடுவோம். மூவருக்கும் ஒரே பைத்தியம்: ஒரு வரிகூடப் பாடாமல் கிட்டாரும் டிரம்முமாகவே பொளந்து கட்டிய ஒரு பழைய ராக் குழு. மாடிவீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு ஒரே ஹெட்போன். ஒருவர் கேட்கும்போது மற்ற இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. மூவரும் கேட்டு முடித்த பிறகுதான் சண்டை.

சண்டைக்கென்றே ஒரு பதிவு இருந்தது. யாரோ அழுதுகொண்டே பாடிய, ப்ளூஸ் என்கிற பழைய சோகப் பாட்டை அந்தக் குழு தன் பாணியில் வாசித்தது. பாடத்தான் ஆள் இல்லையே, அதனால் இடது பக்கம் ஒரு கிட்டார் கேள்வி கேட்கும், வலது பக்கம் இன்னொரு கிட்டார் தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும். பழைய இசைத்தட்டு கீறி வீணானதால், புதிதாக அச்சடித்த தட்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

மச்சான் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"பதில் கிட்டாரையே காணோம் மாப்ள. புது அச்சுல அதைத் தூக்கிட்டானுங்க."

நான் கேட்டேன். இருந்தது. மருந்துக்கடை கேட்டார். அவருக்கும் இருந்தது.

"அது பழக்கதோஷம். இத்தனை வருஷமா கேட்டதை உங்க மனசே போட்டு நிரப்புது," என்றார் மச்சான்.

ஐயோ, எவ்வளவு பேசினோம்! அடுத்த வாரமும் அதேதான், அதற்கடுத்த வாரமும் அதேதான். புது அச்சில் ஒலியை எப்படி மாற்றுவார்கள் என்று மருந்துக்கடை எங்கெங்கோ படித்துவிட்டு வந்து பாடம் நடத்தினார். மச்சான் நடுவில் ஒருமுறை, "சளி வேற, காது அடைச்ச மாதிரியே இருக்கு," என்றார். மருந்துக்கடை மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் என் பங்குக்கு, "காதுல கிரீஸை அப்பிக்கிட்டு வந்தா என்ன கேக்கும்?" என்றேன். மச்சானும் சேர்ந்துதான் சிரித்தார்.

"நீங்க என்ன வேணா சொல்லுங்க. ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், பதில் சொல்ல ஆளே இல்ல. இதுதான்டா ப்ளூஸ்," என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ரசனை என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் வாரம் என் மனைவி காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக் கேட்டாள். "ரெண்டும் நல்லாத்தானே கேக்குது. இந்தா அண்ணா, ஒழுங்கா கேளு," என்று அவளே அவர் தலையில் மாட்டிவிட்டாள். அவசரத்தில் இடம் வலமாக மாறிவிட்டது.

மச்சானின் முகம் மலர்ந்தது. "இருக்கு மாப்ள! பதில் இருக்கு!" என்றார். பிறகு புருவம் சுருங்கியது. "ஆனா கேள்வி எங்க போச்சு?"

நானும் மனைவியும் மருந்துக்கடையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மருந்துக்கடை எழுந்து போய், மச்சானின் ஹெட்போனைக் கழற்றி, இடது காதைப் பொத்திக்கொண்டு, வலது காதருகே விரல்களைச் சொடுக்கினார். மச்சான் திரும்பவில்லை.

மறுநாளே காது டாக்டரிடம் ஓடினோம். வலது காதின் நரம்பு. சில பேருக்குத் திடீரென்று இப்படிப் போய்விடுமாம். "அடைச்ச மாதிரி இருந்த அன்னைக்கே ஏன் வரல? முதல் வாரத்துல வந்திருந்தா காது திரும்பக் கேக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு," என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். எதுவும் எடுபடவில்லை. ஒரு மனுஷன் காது கேட்கவில்லை என்று வாரா வாரம் வந்து சொல்லியிருக்கிறார். நாங்கள் அதற்குத் தட்டின் அச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம். மருந்துக்கடை இப்போதெல்லாம் யார் சளி என்று வந்தாலும், காது அடைப்பு உண்டா என்று கேட்டுக் கேட்டு அவர்கள் உயிரை எடுக்கிறார்.

எல்லாம் முடிந்து நாங்கள் மறுபடி கூடிய அன்று, ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் இரண்டு கிட்டாரும் இரண்டு பக்கமும் வரும். மச்சான் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, அவ்வளவுதான்," என்றார்.

"அச்சுல ஏதாவது..." என்று நானே ஆரம்பித்துக் கொடுத்தேன். சண்டை போடட்டும் என்றுதான்.

"இல்ல மாப்ள. நீங்க சொன்னதுதான் சரி."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்கத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு ஹெட்போனை என்னிடம் நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டேன். மோனோவை அணைக்க எனக்குக் கை வரவில்லை.