பின்னங்கழுத்துக் குட்டை முடி

ருக்மணி பெற்றது ஒன்றே ஒன்று, அதுவும் ஆண். அதனால் மகன் சாய்குமாருக்குப் பெண் தேட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் மனசுக்குள் ஒரு சின்ன ஆசை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வருகிறவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும். ஊரில் அவனவன் மருமகள் கொண்டுவரும் நகையை நினைத்துக்கொண்டிருக்க, இவள் நினைத்ததெல்லாம் சீப்பும் எண்ணெயும்தான்.

வடமாலபேட்டையிலிருந்து கீர்த்தி வந்தாள். இடுப்பைத் தொடும் முடி, ஒரு வளைவு நெளிவு இல்லாமல் நேராக, பளபளவென்று. பெண் பார்த்துவிட்டு நகரிக்குத் திரும்பும் வழியிலேயே எதிர்வீட்டுச் செங்கம்மா வாயை வைத்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது ருக்கு. ஆனா கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்னு சொல்லுவாங்க. பாத்துக்கோ."

"உன்னுது சுருட்டை முடிதானே? நீ இன்னா ஊருக்கே சோறு போட்டுட்டியா?" என்றாள் ருக்மணி. செங்கம்மா அதற்கப்புறம் புத்தூர் வரும்வரை பேசவில்லை.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆயிற்று. பெண் தங்கம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை ஏழரைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே திருப்பதிக்குக் கிளம்புவார்கள். அவன் பைக் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் நிற்கிறான். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன். அங்கே முடியை இறுக்கிக் கொண்டை போட்டு வலை மாட்ட வேண்டும் என்று சட்டமாம். சரி, வேலைக்குத்தான் அப்படி. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வந்தது? அன்றைக்கும் தலையில் க்ளிப், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. ருக்மணி பூ தொடுத்து வைத்திருப்பாள். "வா, வெச்சிவுடறேன்" என்றால், "பரவால்ல அத்த, நானே வெச்சிக்கிறேன்" என்று பூவை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். வெளியே வரும்போது பூ தலையில் இருக்கும். ருக்மணிக்கு மட்டும் முகம் தொங்கிவிடும். நம் கை அவ்வளவு அருவருப்பா என்று அவளுக்கு ரோஷமாக இருந்தது, அதைவிட அழுகையாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை, கீர்த்தி குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துப்பட்டா இல்லை. கொண்டை இன்னும் போடவில்லை, முடி முழுவதையும் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தாள். பின்னால் குடத்தோடு வந்த ருக்மணி அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னங்கழுத்தில் முடி இல்லை. இல்லை என்றால் அடியோடு இல்லை என்றல்ல. இரண்டு காது நடுவே ஒரு கையகலத்துக்கு எல்லாம் அறுந்து, ஒன்று அரை விரல், ஒன்று கால் விரல் என்று குட்டை குட்டையாகக் குத்திட்டு நின்றது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோலே தெரிந்தது, சிவந்து.

கீர்த்தி நிமிர்வதற்குள் ருக்மணி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் வெகுநேரம் சும்மா நின்றாள். ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தில் முடி எப்படிப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகன் மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை மலையளவு. அந்த மலை அன்றைக்குக் காலையிலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

சந்தேகம் வந்துவிட்டால் பார்க்கிறதெல்லாம் பேய்தானே. செவ்வாய்க்கிழமை அவர்கள் அறையிலிருந்து சாய்குமாரின் குரல் கேட்டது: "எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு?" கூடவே எதுவோ விழுகிற சத்தம். புதன்கிழமை கீர்த்தி கண் சிவந்து வந்தாள். வியாழக்கிழமை சாப்பாடு பாதியில் எழுந்துவிட்டாள். அவ்வளவுதான், ருக்மணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது அத்தனையும் தப்பு என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாய்குமார் கீழே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். மூன்றாவது தோசையோடு வந்த ருக்மணி, அதைத் தட்டில் போடாமல் தட்டையே இழுத்து ஓரமாக வைத்தாள்.

"எந்தக் கைடா?"

"இன்னாம்மா?"

"எந்தக் கையில இஸ்தே? இதுவா?" என்றவள் தோசைத் திருப்பியால் அவன் வலக்கை மேல் ஓங்கி ஒன்று போட்டாள். சூடு வேறு.

"ஐயோ! உனுக்கு இன்னாம்மா ஆச்சு!"

"அவ கழுத்தப் பாத்துட்டேன்டா. பொண்டாட்டி மயிரப் புடிச்சி இஸ்க்கிற அளவுக்கு ஆம்பளயாயிட்டியா நீ? இந்த ஊட்டுல இன்னொரு வாட்டி அது நடக்க வுடமாட்டேன். மொதல்ல உன்ன வெளிய தள்ளிட்டு, அவள நான் வெச்சிக்கிறேன்."

சத்தம் கேட்டு ஓடிவந்த கீர்த்தி குறுக்கே விழுந்து தடுத்தாள். "அத்த, அத்த, அவரு ஒண்ணுமே பண்ணல!"

"நானும் அப்பிடித்தான்டி சொன்னேன்." ருக்மணி தோசைத் திருப்பியை இன்னும் கீழே இறக்கவில்லை. "ஜன்னல் கம்பியில மாட்டிக்கினு பிஞ்சிடிச்சின்னு எங்கம்மாகிட்ட நானும்தான் சொன்னேன். அவங்களும் நம்பினாங்க."

பால் பாக்கெட்டோடு உள்ளே காலெடுத்து வைத்த முனிகிருஷ்ணன் அப்படியே நின்றார். ருக்மணியின் புருஷன். குடியை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவர் என்று தெருவில் பெயர். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாலை மெல்ல வாசற்படி ஓரத்தில் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

சாய்குமார் சிவந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நானாம்மா?" என்றான். "அஞ்சு வயசுல உங்க ரெண்டு பேரு நடுவுல வந்து நின்னது நான்தான். நைனா கையக் கடிச்சது நான்தான். என்னப் பாத்தா கேக்குறே?"

தோசைத் திருப்பி ருக்மணியின் கையிலிருந்து நழுவியது. அடக் கடவுளே, பெற்ற பிள்ளையைப் போய் இப்படி நினைத்துவிட்டோமே என்றிருந்தது. ஆனாலும் கண் கீர்த்தியின் கழுத்தை விட்டுப் போகவில்லை. "அப்பொ அது இன்னா?"

கீர்த்தி க்ளிப்பைக் கழற்றினாள். எட்டு மாதத்தில் முதல் தடவை, மாமியார் முன்னால். முடியை வகிடு பிரித்து உச்சியைக் காட்டினாள். வேரிலிருந்து இரண்டு விரல் அளவுக்குச் சுருள் சுருளாக இருந்தது. அதற்குக் கீழே சட்டென்று நேராக இறங்கியது.

"என்னுது சுருட்டை முடி அத்த. பரட்டைன்னு ஸ்கூல்ல கூப்பிடுவாங்க. நீங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி அம்மா திருப்பதிக்குக் கூட்டிக்கினு போயி க்ரீம் போட்டு நேராக்கினாங்க. கல்யாணத்துக்கு ஒரு வாட்டி. அப்பால வேரு தெரிய ஆரம்பிச்சதும், ஏமாத்திட்டோம்னு நெனப்பீங்களேன்னு நானே போயி ரெண்டு வாட்டி. பின்னாடி மட்டும் வெந்துபோச்சி. அது மேலயே தெனம் இறுக்கிக் கொண்டை போட்டு எல்லாம் அறுந்துடிச்சி." மூக்கை உறிஞ்சினாள். "புதன்கிழமை மறுபடி போனேன். பார்லர்காரம்மா தொடவே மாட்டேன்னுட்டாங்க. 'வத்தம்மா, மொத்தம் ஊடிப்போத்துந்தி'ன்னாங்க. வேணாமாம், மொத்தமும் வேரோட உதிந்து போயிடுமாம். இனிமே மறைக்கவும் முடியாது, இன்னா பண்றதுன்னு தெரியல."

"செவ்வாக்கெழம இவன் கத்தினானே?"

"இஸ்திரிப் பெட்டிய ஆஃப் பண்ணாம வெச்சிட்டேன். எடுக்கப் போயி கீழ விழுந்துச்சி."

சாய்குமார் பெண்டாட்டியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சுருட்டையா?" என்றான். எட்டு மாதம் பக்கத்தில் படுத்தவன். ஆண்பிள்ளைகள் கண்ணால் எதைத்தான் பார்க்கிறார்களோ! கீர்த்தி போனில் தேடி ஒரு போட்டோவைக் காட்டினாள். இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கும்போது எடுத்தது. முகத்தைவிட முடிதான் பெரிசாக இருந்தது. "நல்லாத்தானே கீது?" என்றான் அவன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்குப் பிடித்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது.

ருக்மணி போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அடிப் பாவி! சோறு போடுற முடிய ஒளிச்சி வெச்சிக்கினு, குடியக் கெடுக்குற முடியக் காட்டியா என் வூட்டுக்குள்ள வந்தே? உனுக்காகச் செங்கம்மாகூட சண்ட போட்டேன்டி நான்!"

கீர்த்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுதாள். ருக்மணி மகனின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது. "வலிக்குதாடா?" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அவன் இல்லை என்றான்.

முனிகிருஷ்ணன் மதியம் இரண்டு மணிக்குத்தான் வந்தார், அதுவும் சாய்குமார் போய்க் கூப்பிட்ட பிறகு. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவும்போது, "ருக்கு" என்றார். அவள் நின்றாள். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகட்டும் என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

அடுத்த நாளே கீர்த்தி பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டு, இறுக்கின கொண்டையை விட்டுத் தளர்வாகப் பின்னல் போட அனுமதி வாங்கிவிட்டாள். தலையணைக்கு வழுவழுவென்று ஒரு உறை வேண்டும், பருத்தி உரசினால் முடி அறுந்துபோகும் என்று அவளே போனில் பார்த்துச் சொன்னாள். ருக்மணி பழைய பட்டுப்பாவாடைத் துணியைத் தைத்துக் கொடுத்தாள். நேராக இருந்ததை ஒரேயடியாக வெட்டிவிடக் கீர்த்திக்கு மனசு வரவில்லை, மாதம் ஒரு விரல் வெட்டிக்கொள்கிறேன் என்றாள். எல்லாம் சரி, ஒன்றுதான் அவளால் முடியாதது. தன் பின்னங்கழுத்தைத் தானே பார்க்க முடியாது. அதற்கு ருக்மணி வேண்டியிருந்தது.

ஞாயிறுதோறும் கீர்த்தி கீழே உட்காருவாள், ருக்மணி பின்னால் முக்காலியில். தேங்காயெண்ணெயை ஒரு விரலால் தொட்டு, தேய்க்காமல், சும்மா ஒற்றி எடுப்பாள். அப்புறம் கீர்த்தியின் போனில் படம் எடுப்பாள். முதல் வாரம் அவள் கட்டைவிரல்தான் படத்தில் விழுந்தது. மூன்றாவது வாரம் ஒழுங்காக விழுந்தது. ஆறாவது வாரம் அந்த ரூபாய் அகலத் தோலில் பூனைமுடி போலக் கறுப்பாக எதுவோ அரும்பியிருந்தது. பத்தாவது வாரம் அது வளைய ஆரம்பித்தது.

"பாரு, பாரு, இப்பவே சுருளுது!" என்று ருக்மணி போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கீர்த்தி படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். "இவ்ளோதானா? எப்போ அத்த முழுசா வளரும்?"

"வளரும். ஆத்தரப்பட்டா ஆவுமா?"

வெளிக் கொட்டகையில் முனிகிருஷ்ணனின் விசைத்தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. கீர்த்தி போனை அணைத்துத் தரையில் வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"உங்களுக்கு மறுபடி வளர எத்தினி நாளாச்சி அத்த?"

ருக்மணியின் விரல் நின்றது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் அதைக் கேட்டதில்லை. பெற்ற தாய் கேட்கவில்லை, பக்கத்துத் தெருவிலேயே இருந்த அக்கா கேட்கவில்லை. எண்ணெய்ச் சொட்டு ஒன்று விரல் நுனியிலிருந்து கீர்த்தியின் முதுகில் விழுந்தது.

"சாயி ரெண்டாங்கிளாஸ் போற வரைக்கும்" என்றாள். "ரெண்டு வருசம். அப்பவும் முழுசா வரல. அதான் தாழக் கொண்ட போட்டுப் பழகிட்டேன்."

கீர்த்தி எழுந்தாள். "காட்டுங்க."

"ச்சீ, போடி. கெழவிக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

"கீழ குந்துங்க அத்த. நான் பாக்கணும்."

ருக்மணி தரையில் உட்கார்ந்தாள். கீர்த்தி முக்காலியில் உட்கார்ந்து, கொண்டை ஊசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். முடி சரிந்தது. கீர்த்தியின் கை பின்னங்கழுத்தில் பட்டதுதான் தாமதம், ருக்மணியின் தோள் இரண்டும் தானாகத் தூக்கிக்கொண்டன, கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. அவளாகச் செய்யவில்லை. உடம்பு செய்தது. இத்தனை வருஷமாகியும் அது மறக்கவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கீர்த்தி கையை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ருக்மணி தோளை இறக்கி, தலையைக் குனிந்து கொடுத்தாள்.