வலது ஸ்டிக்கின் பழுது

ஏதாவது ஒரு பொருள் பழுதானால் தயாளனுக்குச் சந்தோஷம். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் மனைவி பிரமிளாவுக்குத் தலைவலி, அவனுக்கோ திருவிழா. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் அவன் பார்ப்பதும் அதே வேலைதான். லைனில் தேறாத சர்க்யூட் போர்டுகள் அவன் மேசைக்கு வரும். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, குருணை அரிசியைவிடச் சின்னப் பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை ஈயம் உருக்கிச் சோல்டர் செய்து அனுப்புவான். கல்யாணம் ஆன காலத்திலிருந்து அவனுடைய வலது கைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது.

அந்தக் கை இப்போது சில மாதங்களாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தொடைமேல் சும்மா வைத்திருக்கும்போதே கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடும். ஏர்கோன் குளிர் என்றான். அப்புறம் கோப்பிதான் காரணம் என்று கோப்பியை விட்டான். அப்புறம் தூக்கம் போதவில்லை என்றான். இதையெல்லாம் யாரிடம் சொன்னான் என்றால், தன்னிடம்தான். பிரமிளாவிடம் மூச்சுவிடவில்லை. வரும் வியாழக்கிழமை வருடாந்திர சோல்டரிங் டெஸ்ட். சூப்பர்வைசர் ஹஸ்ருல் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். தேறாவிட்டால் அந்த மேசை அவனுக்கு இல்லை. பெட்டிக்கு டேப் ஒட்டும் பிரிவுக்கு அனுப்பலாம், வீட்டுக்கும் அனுப்பலாம்.

கேம் விளையாடினால் விரலுக்கு உறுதி வரும் என்று எவனோ இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்தான். எழுதியவன் டாக்டரா தச்சனா என்றுகூட தயாளன் பார்க்கவில்லை. மறுநாளே சூலியா தெருவில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஹாஃபிஸ் கடைக்குப் போய் ஒரு பழைய கேம் கண்ட்ரோலரை வாங்கி வந்துவிட்டான். பொழுதுபோக்குக்கு என்று பிரமிளாவிடம் சொன்னான். “இந்த வயசுல பொழுதுபோக்கு கேக்குதோ?” என்று அவள் சிரித்தாள்.

வீட்டில் இருந்த லேப்டாப் கிழடு. விண்டோஸில் ஊர்ந்துகொண்டிருந்ததால் ஹாஃபிஸ்தான் போன வருடம் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். பழைய கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றை தயாளன் அதில் ஏற்றினான். பழைய கார் ரேஸ் ஒன்று ஓடியது. கண்ட்ரோலர் மட்டும் ஓடவில்லை. லேப்டாப் அதைக் கண்டுகொண்டது, எமுலேட்டர் கண்டுகொள்ளவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று பார்த்தும் பார்க்காதது போல இருந்தன.

லினக்ஸ் லேசுப்பட்டது இல்லை. எதைத் தொட்டாலும் உனக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கும். தயாளன் அதற்கென்று உள்ள பட்டியலில் தன் பெயரைச் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தான். கண்ட்ரோலர் உயிர் பெற்றது. இப்போது பிரேக்கை அழுத்தினால் கார் பாய்ந்தது. ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, இது இதற்கு, அது அதற்கு என்று சொல்லிக் கொடுத்தான். கண்ட்ரோலரில் கட்டைவிரலுக்கு ஒன்றாக இரண்டு குட்டி ஸ்டிக்குகள்; எல்லாரும் இடது ஸ்டிக்கில்தான் காரைத் திருப்புவார்கள். அவன் அதை வலது ஸ்டிக்குக்கு மாற்றினான். பயிற்சி வேண்டியது வலது கட்டைவிரலுக்கு அல்லவா?

கார் கிளம்பியது. நேர் சாலையில் குடிகாரன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடியது.

ஸ்டிக்கைச் சோதிக்கும் ஜன்னலைத் திறந்தான். திரையில் இரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு பிளஸ் குறி. ஸ்டிக் அசைந்தால் குறியும் அசையும். இடது கட்டத்துக் குறி அசையாமல் நின்றது. வலது கட்டத்துக் குறி துடிதுடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தயாளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டிக் பழுது! கண்ணெதிரே தெரிகிறது, பொருளில்தான் கோளாறு. அப்படியானால் தொடைமேல் ஆடிய விரலுக்கு என்ன கணக்கு என்று கேட்காதீர்கள். பயந்தவன் போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஃபேக்டரியில் பழுது கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் போடு. பழுது போய்விட்டால் அதுதான் குற்றவாளி. போகாவிட்டால் அடுத்ததை மாற்று. தயாளன் கேபிளை மாற்றினான். செருகும் ஓட்டையை மாற்றினான். ஹாஃபிஸிடம் போய்க் கண்ட்ரோலரையே மாற்றிக்கொண்டு வந்தான். வலது குறி துடித்தபடியே இருந்தது. இன்னும் மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது அவனுக்குத் தோன்றவே இல்லை என்றால் பொய். தோன்றியது. தோன்றிய வேகத்தில் தள்ளிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனான். நாணயம் மாற்றும் கடைக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருக்கும் ஹாஃபிஸின் கடை.

“என்னண்ணே, மறுபடியும் சரியில்லையா?”

“ரெண்டாவதும் ரோசாக்லா, கெட்டுப்போச்சு தம்பி. அதே ரைட் ஸ்டிக். எங்கேர்ந்து புடிச்சிட்டு வர இந்தக் குப்பைய?”

“ரெண்டுலயும் அதே ஸ்டிக்கா?” ஹாஃபிஸ் நம்பவில்லை. தன் லேப்டாப்பில் செருகிச் சோதிக்கும் ஜன்னலைத் திறந்தான். கண்ட்ரோலரைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். இரண்டு குறிகளும் ஆணி அடித்தது போல நின்றன. எடுத்துக் கட்டைவிரலை வைத்தான். அப்போதும் நின்றன.

“நல்லாதானே இருக்கு? நீங்க புடிங்க, பாப்போம்.”

தயாளன் பிடித்தான். வலது குறி ஆட ஆரம்பித்தது. ஹாஃபிஸ் திரையைப் பார்த்தான். பிறகு கண்ட்ரோலரைப் பார்த்தான். பிறகு கண்ட்ரோலரைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரலைப் பார்த்தான்.

“என்னத்த பாக்குற?” தயாளன் கத்திவிட்டான். “ஓட்ட சாமான வித்துட்டு ஆள மொறச்சுப் பாக்குறியா? வாடிக்கைக்காரன ஏமாத்துற பொழப்பு ஒரு பொழப்பா?”

வெளியே பக்கத்துக் கடையில் தாப்பாவ் சோற்றுப் பொட்டலம் வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஃபிஸ் வாய்க்கு வாய் பேசுகிற ஆள்தான். அன்றைக்கு மட்டும் குரலைத் தணித்து, “இருங்கண்ணே, இதுக்கு ஒரு செட்டிங் இருக்கு,” என்றான். “டெட் ஸோன்னு சொல்வாங்க. சின்னச் சின்ன அசைவெல்லாம் கணக்குல எடுத்துக்காதன்னு சொல்லி வெக்கிறது. அத கொஞ்சம் ஏத்திட்டா ஆடுறது தெரியாது.” எமுலேட்டரில் அது எங்கே இருக்கிறது என்று காட்டினான். கிளம்பும்போது, “அண்ணே, உடம்பு பாத்துக்குங்க,” என்றான். திட்டியிருந்தால்கூட தயாளன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து மோட்டாரை உதைத்துக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்து, ஓட்டை சாமானுக்காக ஹாஃபிஸிடம் சண்டை போட்டதாக மட்டும் பிரமிளாவிடம் சொல்லிவிட்டு டெட் ஸோனை ஏற்றினான். கொஞ்சம் ஏற்றினான், குறி ஆடியது. இன்னும் ஏற்றினான். பாதிக்குமேல் போனதும் குறி செத்ததுபோல் நடுவில் நின்றது. கார் நேராக ஓடியது. விரல் ஸ்டிக்கின்மேல் ஆடுவது தெரிகிறது, திரையில் ஒன்றும் தெரியவில்லை. தயாளன் வாய்விட்டுச் சிரித்தான்.

துணி மடித்துக்கொண்டிருந்த பிரமிளா எழுந்து வந்தாள். லிட்டில் இந்தியா துணிக்கடையில் ஆறு நாளும் நின்று வேலை பார்ப்பவள், ஞாயிறு மட்டும்தான் உட்காருவாள். “சரி பண்ணிட்டீங்களா? அப்ப நானும் ஒரு தடவ ஓட்டுறேன்,” என்று பக்கத்தில் உட்கார்ந்து கண்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதல் திருப்பத்திலேயே சுவரில் முட்டினாள். இரண்டாவது தடவையும் முட்டினாள்.

“இது என்னாங்க? கொஞ்சமா தள்ளுனா காது கேக்காத மாதிரி இருக்கு. நல்லா தள்ளுனா நேரா கொண்டுபோய் செவுத்துல மோதுது.”

“அது அப்படித்தான். பழகிடும்.”

“பழகுறதாவது. நீங்க எதையோ தொட்டீங்க, நான் பாத்தேன். இதானே?” அவள் செட்டிங்கைத் திறந்துவிட்டாள்.

“வேணாம் பிரமி!”

கார் கேமுக்கு அவ்வளவு பெரிய குரல் தேவையில்லை. பிரமிளா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு டெட் ஸோனைச் சுத்தமாகக் கீழே இறக்கினாள்.

கார் கிளம்பியது. அவள் கட்டைவிரல் வலது ஸ்டிக்கின்மேல் லேசாக இருந்தது. கார் நூல் பிடித்தது போல நேராகப் போனது, வளைவில் வளைந்தது, மறுபடி நேரானது. அதே லேப்டாப், அதே கேபிள், ஹாஃபிஸ் கொடுத்த அதே கண்ட்ரோலர். கை ஒன்றுதான் வேறு. இனி மாற்றிப் பார்க்க எதுவும் பாக்கி இல்லை.

“இப்ப சரியாயிடுச்சு. இந்தாங்க, நீங்க ஓட்டுங்க,” என்று நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. கை வலிக்கிறது என்று சொல்லலாம். கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லலாம். நாக்கு நுனியில் பொய்கள் தயாராக நின்றன. ஆனால் அவன் மனம் வியாழக்கிழமைக்குப் போய்விட்டது. அங்கே சூடான சோல்டரிங் இரும்பைப் பிடித்திருக்கும்போது ஆட்டத்தைக் கணக்கில் எடுக்காதே என்று எந்த செட்டிங்கில் போய்ச் சொல்வது? மூச்சைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு எப்படியோ தேறிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை என்ன செய்வது? அதற்கு அடுத்த நாள்? கெட்டுப்போன போர்டுகளைத் தன் கையாலேயே சரி என்று அனுப்பிக்கொண்டிருப்பதா? பொய் சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

இடது கையால் போனை எடுத்து ஹஸ்ருலை அழைத்தான். பிரமிளா கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கு நான் உட்காரவில்லை என்று மலாயில் சொன்னான். மறுமுனையில் ஹஸ்ருல் அலட்டிக்கொள்ளவில்லை. சோல்டரிங் மெசின் மறுபடியும் தொல்லை கொடுக்கிறதா, நாளைக்கே வேறு மாற்றித் தரச் சொல்கிறேன், அதற்காக டெஸ்ட்டை ஏன் விடுகிறாய் என்றார்.

“புக்கான் மெசின், போஸ்,” என்றான் தயாளன். “தாங்ஙான் சாயா.”

மெசின் இல்லை, என் கை. கட்டிய பெண்டாட்டியிடம் தமிழில் இத்தனை மாதமாக வராத வார்த்தை சூப்பர்வைசரிடம் மலாயில் வந்துவிட்டது. ஹஸ்ருல் மெசின் பேச்சை விட்டார். பிறகு, நாளைக்கு வேலைக்கு வராதே, முதலில் டாக்டரைப் பார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என்னத்தைப் பார்த்துக்கொள்வார் என்று தயாளன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

திரையில் யாரும் ஓட்டாத கார் சுவரில் முட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. பிரமிளா எட்டி லேப்டாப்பை மூடினாள்.

“எப்பேர்ந்து?”

“தீபாவளிக்கு முன்னாடியேர்ந்து.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? நான் யாரு இந்த வீட்டுல?” அவள் மடியிலிருந்த கண்ட்ரோலரை எடுத்து ஓரமாகத் தள்ளி வைத்தாள். “கடைக்காரப் பையன்கிட்ட போய் சண்ட போட்டுட்டு வந்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல.”

“சொல்லிட்டா நெசமாயிடும்னு பயந்துட்டேன்,” என்றான் தயாளன். அவன் சொன்னதிலேயே உண்மையான பேச்சு அதுதான்.

பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நகர்ந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“எந்தக் கை? காட்டுங்க.”

அவன் இரண்டையும் நீட்டினான். எது என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, ஓடிப்போகிற எதையோ பிடிப்பது போல இறுக்கினாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் உள்ளே அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.