மணியக்காரர் வீட்டு சைக்கிள் வழக்கு

கொரட்டூரில் மணியக்காரர் என்ற உத்தியோகத்தை அரசாங்கம் எடுத்துவிட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. உத்தியோகம் போனாலும் பேர் போகவில்லை. வரதனின் வீடு இன்னும் மணியக்காரர் வீடுதான். அவருடைய அப்பா ஆடு மேய்ந்த வழக்கு, வரப்பை வெட்டிய வழக்கு என்று எத்தனையோ தீர்த்துவைத்தவர். அந்த வீட்டு ஆண்கள் தீர்ப்புச் சொல்வார்களே தவிர, யார் முன்னாலும் நின்று பதில் சொன்னது கிடையாது. ஆடி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் பரிவட்டம் வரதனின் தலைக்குத்தான். அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழி சுமந்த தலையில் பரிவட்டம் ஏறாது.

மருமகள் வசந்தாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் எடுக்கும் வேலை கிடைக்கும்போல் இருந்தது. நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வந்தால் போதும் என்றார்கள். மருமகள் படிப்பைத் தேடிப் போவதைவிட, படிப்பு மருமகளைத் தேடி வருவதுதான் கௌரவம் என்று நினைத்த வரதன், தன் மாடி அறையையே இங்கிலீஷ் வகுப்புக்கு விட்டார். ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ் மாறி வேலுசாமி வாத்தியார் வந்தார். எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். அவர்களில் லேத் ஓட்டும் வேம்புலியும் ஒருவன். அவனுடைய அப்பா நாகப்பன் ஒரு காலத்தில் வரதனின் நிலத்தில் ஏர் ஓட்டியவர்.

ஆடி பிறந்த வாரம், ‘குற்றமும் நீதியும்’ என்ற பாடம் வந்தது.

அன்று சாயங்காலம் வரதன் கடைத்தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எதிர் டீக்கடையை நெருங்கும்போது மாடியிலிருந்து மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லிற்று: “வசந்தா ஸ்டோல் தி சைக்கிள்.” வாத்தியாருக்குத் திருப்தி இல்லைபோலும். இன்னும் உரக்கச் சொன்னார்கள். பிறகு, “போலீஸ் அரெஸ்டட் வசந்தா.”

டீக்கடை பெஞ்சில் பங்காளி லோகநாதன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பரிவட்டத்தின்மேல் வெகுநாளாகக் கண். இங்கிலீஷ் தெரியாதவர்தான். ஆனால் சைக்கிள், போலீஸ், வசந்தா மூன்றும் புரிந்துவிட்டது.

“இன்னா அண்ணாத்தே, சைக்கிள் வோணும்னா என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். பெஞ்சே சிரித்தது.

வரதன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினார்.

“சீட்டுக் குலுக்கிப் போட்டதுங்க,” என்றார் வாத்தியார். “ஜட்ஜு, வக்கீல், சாட்சி, திருடன்னு எழுதி. திருடன் சீட்டு உங்க மருமகளுக்கு வந்துது. நாளைக்குக் கோர்ட்டு மாதிரி நடிக்கப்போறோம். நடிச்சாத்தான் வார்த்தை மனசுல நிக்கும்.”

“சீட்டை மாத்து.”

“மாத்தினா வேற ஒருத்தர் திருடணும். எல்லாருக்கும் ஊடு வாசல் கீதுங்களே,” என்றான் வேம்புலி.

வரதன் அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் வீட்டுப் பழியை அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் இறக்குவது மணியக்காரர் வீட்டு நியாயம் ஆகாது என்று அவருக்கே பட்டது.

“அப்போ நான் நிக்கிறேன். மருமவளைக் கூண்டுல ஏத்திட்டு மாமனார் கீழே காபி குடிச்சுகினு இருந்தான்னு பேர் வரக் கூடாது.”

“மாமா, இது வெறும் பாடம்தான் மாமா,” என்றாள் வசந்தா.

“பாடத்துல போன மானம் பரீட்சையில திரும்பி வருமா?”

மறுநாள் அவர் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கூண்டில் நின்றார். கூண்டு என்பது திருப்பிப் போட்ட ஒரு நாற்காலி. ஜட்ஜு சீட்டு வேம்புலிக்கு வந்திருந்தது. லேத் எண்ணெய் போகாத கையால் மேசையைத் தட்டி அமைதி கேட்டான். முனியம்மா சாட்சி. தான் கண்ணால் கண்டதாகவும், திருடன் கறுப்பு பேண்ட் போட்டிருந்ததாகவும் பாடத்தில் இருந்தபடியே இங்கிலீஷில் சொன்னாள். வேட்டியில் நின்றவரைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்து, “அதே ஆளுதான்னு சொல்லணுமா சார்?” என்று வாத்தியாரைக் கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றார் வாத்தியார்.

வக்கீலாக வந்தவன் கேள்விமேல் கேள்வி கேட்டான். வசந்தா ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். வரதன் ஒன்றுக்கும் வாயைத் திறக்கவில்லை. திருடினாயா என்று கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வதே அவரைப் பொறுத்தவரை பாதித் திருட்டை ஒப்புக்கொள்வது. மோட்டுவளையைப் பார்த்தபடி கம்பீரமாக நின்றார்.

வேம்புலி வாத்தியாரிடம் குனிந்தான். “சார், பெரியவரை உட்டுடலாமா?”

“விடுதலை அடுத்த வாரப் பாடம். இன்னிக்கு தண்டனை வரைக்கும்தான்.”

வேம்புலி மேசையை மெல்லத் தட்டினான். “யூ ஆர் கில்டி. சிக்ஸ் மன்த்ஸ்.”

வகுப்பு கைதட்டியது. குற்றவாளி, ஆறு மாதம் ஜெயில் என்று வசந்தா மெல்லச் சொன்னாள். சபை சொன்ன தீர்ப்பை மீறினவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது வரதனின் அப்பா வாக்கு. சபைக்குத் தானாக வந்து நின்றவர் அவர். இப்போது படியிறங்கிப் போனால் ஓடிப்போன கைதி. திருடனுக்காவது ஒரு சைக்கிள் மிஞ்சும், ஓடிப்போனவனுக்கு என்ன மிஞ்சும்?

“ஜெயில் எங்க கீது?” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. மாடியில் வகுப்பை ஒட்டிப் பழைய சாமான் போடும் அறை ஒன்று இருந்தது. அவரே கதவைத் திறந்து உள்ளே போய், ஓட்டை அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டை விரித்து உட்கார்ந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மனைவி பொன்னம்மாள் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள்.

“ஜெயில்ல குழம்பு ஊத்துவாங்களா? களி கிண்டி எடுத்தா.”

“ஏங்க, உங்களுக்கு இன்னாதான் ஆச்சு? நம்ம ஊட்டு மாடிங்க இது.”

“ஊடு என்னுதுன்னா தீர்ப்பும் என்னுது ஆயிடுமா?”

அழுதுகொண்டே போய்க் களி கிண்டி வந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

ஊர் இரண்டு நாள் சிரித்தது. மூன்றாம் நாள் கோயில்காரர்கள் மாடி ஏறி வந்தார்கள். கூழ் ஊற்றுவதற்கு அழைத்தார்கள். தண்டனை முடியட்டும் என்று உள்ளிருந்து பதில் வந்தது. இந்தச் செய்தியை லோகநாதன்தான் முதலில் பிடித்துக்கொண்டார். “ஜெயில்ல கீறவன் தலையில பரிவட்டம் கட்டினா அம்மா பொறுப்பாளா? இந்த வருஷம் நான் வாங்கிக்கிறேன். வேற இன்னா பண்றது?” என்று, ஏதோ சுமையை ஏற்கிறவர்போல வீடு வீடாகச் சொன்னார். கோயில்காரர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஞாயிறு காலைக்குள் வரதன் வெளியே வராவிட்டால் பரிவட்டம் லோகநாதனுக்கு என்று முடிவாயிற்று.

அப்பீல் பாடத்தை முன்னால் எடுக்கும்படி வசந்தா வாத்தியாரிடம் கெஞ்சிப் பார்த்தாள். ‘சிறைகளின் வகைகள்’ முடியாமல் அப்பீலுக்குப் போனால் அஸ்திவாரம் ஆடிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் பொன்னம்மாள் ஏரிக்கரைப் பக்கம் இருந்த வேம்புலி வீட்டுக்கே போனாள். மணியக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேம்புலி பதறி எழுந்தான்.

“ஜட்ஜு நான்தானம்மா? வாத்தியார் இன்னா சொல்றது. நாளைக்குக் காலையில கோர்ட்டு வைக்கிறேன், போங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாடியில் வகுப்பு முழுக்கக் கூடியிருந்தது. படிக்கட்டில் ஊர் நின்றது. வரதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்து கூண்டைப் பிடித்துக்கொண்டார். நாலைந்து நாள் தாடி. வேட்டி மட்டும் அன்றும் சலவை.

“ஐயா,” என்றான் வேம்புலி, “பரிவட்டத்துக்கு நேரம் ஆவுது. நான் உட்டுட்டேன்னு சொல்றேன், நீங்க கெளம்புங்க.”

“விசாரிக்காம உட்டா அது பிச்சை. எனக்கு வேணாம்.”

வேம்புலி தலையைச் சொறிந்தான். “சரி, விசாரிக்கிறேன். சைக்கிளை நீங்க எடுத்தீங்களா?”

வரதன் மோட்டுவளையைப் பார்த்தார்.

“இதாங்க வம்பு. அன்னிக்கும் இப்டிதான் நின்னீங்க. வாயத் தொறந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் ஏன் கில்டி சொல்லப்போறேன்? எங்கப்பா உங்கப்பாவாண்ட எத்தினியோ தபா கைகட்டி நின்னு சொல்லிக்கீறாரு. எடுக்காதவன் எடுக்கலன்னு சொல்றதுல இன்னா கொறைச்சல்?”

நாகப்பன் கைகட்டி நின்றது வரதனுக்கு ஞாபகம் இருந்தது. சின்னப் பையனாகத் தூணருகே நின்று பார்த்தவர்தான் அவர். நாகப்பன் அன்று நடுங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்.

“நான் எடுக்கலை,” என்றார் வரதன். “எப்படி எடுக்க முடியும்? எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

படிக்கட்டில் யாரோ அடுத்தவனுக்குச் சொல்ல, அவன் அடுத்தவனுக்குச் சொல்ல, செய்தி வாசல்வரை இறங்கிப் போவது கேட்டது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் குடையோடு நடந்துபோனதை ஊர் பெரிய வீட்டுத் தோரணை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. பொன்னம்மாளுக்கே அன்றுதான் தெரியும்.

“கத்துக்கப் பார்த்தேன்,” என்றார், சபையில் பாதி மறைக்கக் கூடாது என்பதால். “ரெண்டு தபா ஏரியில உழுந்தேன்.”

வேம்புலி உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைத் தட்டினான். விடுதலைக்கான இங்கிலீஷ் வார்த்தை அவனுக்கு இன்னும் வரவில்லை. “கேஸு நிக்காது. போய்ட்டு வாங்க ஐயா,” என்றான்.

வரதன் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை. அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

கோயிலில் லோகநாதன் ஏற்கனவே குளித்து முழுகி, தலையைத் துடைத்துத் தயாராக நின்றிருந்தார். வரதனைக் கண்டதும் பூசாரி பரிவட்டத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். துணி தலையில் இறங்கும்போது லோகநாதன் பக்கத்தில் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

“இன்னா அண்ணாத்தே, சைக்கிள் ஓட்டத் தெரியாதாமே?”

பழைய வரதனாக இருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

“தெரியாது,” என்றார், பரிவட்டம் நழுவாமல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. “கோர்ட்டுல ருசுவாகியிருக்கு. உனக்கு ஓட்டத் தெரியும் இல்ல? அப்போ எங்கேயாவது சைக்கிள் காணாமப்போனா முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க. ஜாக்கிரதையா இரு.”